வீட்டு பிட்காயின் நோடில் எஸ்எஸ்டி மாற்றுவது: முதலில் வாலட், அப்புறம்தான் மற்றது

காரைக்குடியில் சித்திரை வெயிலில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மத்தியானம், ராஸ்பெர்ரி பை என்ற என் கையடக்கக் கணினியில் ஓடும் நோட் (பிட்காயின் கணக்கை முழுதாக வைத்துச் சரிபார்க்கும் மென்பொருள்) இடமில்லை என்று நின்றுவிட்டது. அதில் இருந்தது 1 டிபி எஸ்எஸ்டி டிரைவ். எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவான பிளாக்குகளின் சங்கிலியே 700 ஜிபி பக்கம் வந்துவிட்டது, வாலட் செயலிகளுக்குப் பதில் தரும் எலக்ட்ரம் சர்வரின் இண்டெக்ஸும் சேர்ந்தால் தாங்காது, அதனால் நேரே 2 டிபி வாங்குங்கள்.

பிளாக்குகள் அழிந்தால் கவலை வேண்டாம், சில நாள் ஆனாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். வாலட், அதாவது காசைச் செலவழிக்கும் சாவிகள் உள்ள கோப்பு, போனால் காசு போச்சு. நோட் ஓடும்போதே 'பேக்கப்வாலட்' கட்டளை கொடுத்து, கடவுச்சொல் போட்ட வாலட்டை இரண்டு பென்டிரைவில் எடுங்கள். என்னுடையது ஒன்று அப்பத்தாவின் இரும்புப் பெட்டகத்தில், இன்னொன்று தேவகோட்டையில் ஆச்சி வீட்டில். லைட்னிங்கும் (பிட்காயினை உடனுக்குடன் அனுப்பும் தனி அடுக்கு) வைத்திருந்தால் அதன் வாலட்டை மீட்கும் 24 சொற்களைக் காகிதத்தில் மட்டும் நம்பாதீர்கள், கரையான் விடாது. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது போலத் தகட்டில் வெட்டிவிடலாம், ஆனால் கடையில் கொடுக்காமல் ஆணியும் சுத்தியலும் வைத்து நீங்களே வெட்டுங்கள்.

அடுத்து நோடை நிறுத்த வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது. 'ஸ்டாப்' கட்டளை கொடுத்துவிட்டு, லாகில் 'ஷட்டவுன் டன்' என்ற வரி வரும்வரை பொறுங்கள், நினைவகத்தில் இருப்பதை அது டிஸ்க்கில் எழுதவே சில நிமிடம் பிடிக்கும். பாதியில் வெட்டினால் செயின்ஸ்டேட் (எந்தக் காசு இன்னும் செலவாகவில்லை என்ற பட்டியல்) கெட்டு, மறுபடி கட்ட நாள் கணக்கில் ஆகலாம். லைட்னிங்கையும் நிறுத்திவிடுங்கள்.

புதிய டிரைவை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மேட் செய்து நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள். பை 4-ல் எல்லா யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், இரண்டு எஸ்எஸ்டிக்குப் பற்றாமல் போகலாம், தனி அடாப்டர் உள்ள ஹப் வேண்டும். நோட் அடைவை அப்படியே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் நகலெடுங்கள். நொடிக்கு 100 எம்பி வந்தால் சுமார் இரண்டு மணி நேரம். யூபிஎஸ் இருந்தால் நல்லது, இல்லாமல் நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே நகலான கோப்புகளை விட்டுவிட்டுத் தொடரும். முடிந்ததும் அதே கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள், புதிதாக எதுவும் நகரவில்லை என்றால் சரி.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். புதிய டிரைவின் யூயூஐடி (அடையாள எண்) வேறு, எந்த டிரைவை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழையதே இருந்தது. டிரைவ் மவுண்ட் ஆகாமல் (கணினியில் இணையாமல்), நோட் மெமரி கார்டில் காலி அடைவு போட்டு 2009-ன் முதல் பிளாக்கிலிருந்து இறக்கத் தொடங்கிவிட்டது. கோப்பைத் திருத்தி, மவுண்ட் ஆனதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் நோடை ஓட்டுங்கள். பிளாக் எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து நகர வேண்டும்.

பழைய டிரைவை இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். ஆனால் அதில் இருக்கும் லைட்னிங்கை மட்டும் திரும்ப ஓட்டவே ஓட்டாதீர்கள், பழைய சேனல் நிலை (உங்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் இடையிலான பணப் பங்கின் பழைய கணக்கு) வெளியே போனால் எதிர்த்தரப்பு அந்தச் சேனலின் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். பிறகு விற்பதானால் டெலீட் போதாது, வாலட் அதில்தான் இருந்தது, மீட்க முடியாதபடி அழிக்கும் செக்யூர் எரேஸ் செய்தே கொடுங்கள்.