டவரில் இருப்பதெல்லாம் பருந்துக் கூடு இல்லை

உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு போன் டவரின் நடுத்தட்டில் குச்சிக் குவியல். பக்கத்துக் கம்பியில் பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பறவை. "வல்லூறு கூடு கட்டியிருக்கு" என்று மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அது பெட்டைக் குயில். காகம் எப்ப எழும்பும் எண்டு பாத்துக்கொண்டிருக்கு" என்று பதில் வந்தது. தொலைநோக்கியில் பார்த்தால், கூட்டில் குச்சிக்குச் சமமாகக் கட்டுக்கம்பித் துண்டுகள். சந்தேகமே இல்லை, காகத்தின் வேலை.

திருகோணமலையில் பலரும் விடுகிற முதல் பிழை இதுதான். கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பறவை கூட்டுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டியதில்லை. உயரமான கம்பி என்றால் செம்பருந்து இளைப்பாற இருக்கும், மீனைக் கிழித்துத் தின்னவும் இருக்கும். அது குச்சியோ இரையோ கொண்டு கூட்டுக்குள் இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகு பேசலாம். அதற்குப் பொறுமையாக ஒரு மணித்தியாலமாவது நிற்க வேண்டும்.

எல்லா இரைகொல்லிப் பறவையும் குச்சிக் கூடுதான் கட்டும் என்று தேடுவதும் வீண். பொரி வல்லூறு கூடே கட்டாது. பாறை விளிம்பிலோ உயர்ந்த கட்டடத்தின் திண்டிலோ வெறுந்தரையில் முட்டையிடும். கூகைக்குக் கூரையின் உட்புறமும் பழைய கட்டடத்துப் பொந்தும் போதும். கீழே எலி எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகள் கிடந்தால் மேலே பாருங்கள். செம்பருந்தும் கடற்கழுகும் முதலில் தேடுவது பெரிய மரத்தைத்தான், டவர் அதற்கு அடுத்தது. கடற்கழுகு பழைய கூட்டையே வருடாவருடம் புதுப்பிக்கும். அது ஒரு மீற்றருக்கு மேல் அகலமாக வளர்ந்துவிடும், காகக் கூட்டோடு குழம்ப வழியே இல்லை.

அப்புறம் நிறம். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கருடன் செம்பருந்துதான். வெள்ளைத் தலையும் செங்கல் நிற முதுகும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் குஞ்சு முழுக்கப் பழுப்பு. அதைக் கரும்பருந்து என்று எழுதி வைத்த குறிப்புகள் என்னிடமே நிறைய உண்டு. இப்போது வாலைத்தான் பார்க்கிறேன்: செம்பருந்துக்கு நுனி வட்டமாக முடியும், கரும்பருந்துக்கு நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். இளம் கடற்கழுகும் பழுப்புத்தான், ஆனால் ஆள் பெரிது, சிறகை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீற்றர். மிதக்கும்போது சிறகை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். சோடியில் ஒன்று பெரிதாக இருந்தால் வேறு இனம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கூட்டத்தில் பெட்டைதான் பெரிது.

மார்கழியில் கட்டடத்தில் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு ஒன்றைக் கண்டால் கூடு தேடி அலைய வேண்டாம். அது பெரும்பாலும் குளிருக்கு ஒதுங்க வந்த விருந்தாளி.

கூடு உறுதியானால் மேலே ஏறிப் பார்ப்பதோ ட்ரோன் விடுவதோ கூடவே கூடாது. தாய் எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். தெருவில் நின்றே பாருங்கள். பெரிய லென்ஸோடு போகிறவர்கள் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள், இது துறைமுக ஊர். ஒருமுறை ஒரு வாயிற்காவலர் என்னை மறித்து, கமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லாம் காகம்.