பழைய ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

"சுபாரு ஃபாரஸ்டரா? ஹெட் கேஸ்கெட் போய்விடும், வேண்டாம்." அமெரிக்காவில் நான்கு சக்கரமும் வண்டியை இழுக்கும் (ஆல் வீல் டிரைவ்) பழைய கிராஸ்ஓவர், அதாவது கார் போலக் கட்டிய உயரமான வண்டி, தேடுபவர்கள் இதை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். பொய்யில்லை, சுபாரு கம்பெனியின் பழைய இஜே25 எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) கசிந்தது ஊரறிந்த கதை. ஆனால் 2011 மாடலிலேயே டர்போ இல்லாத ஃபாரஸ்டருக்கு எஃப்பி25 என்ற புது எஞ்சின் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வண்டியைப் பழைய பழியால் ஒதுக்குவது, தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரனைப் பிடிப்பது போல.

சரி, புது எஞ்சின் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. 2011 முதல் 2014 வரையிலான எஃப்பி25-களில் பல ஆயில் குடித்தன. விவகாரம் வழக்காகி, 2016-இல் சமரசத்தில் முடிந்தது. 2014 மாடலில் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத தானியங்கி) கியர்பாக்ஸ் வந்தது. பின்னாளில் அதற்கு 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று வாரண்டியை நீட்ட வேண்டியிருந்தது. அந்த 2014 வண்டிக்கு இப்போது அந்தக் காலமும் கடந்துவிட்டது. ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

விருதுகளை நம்புவது இன்னொன்று. விருது தரும் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவர் வெளியிடும் ஆரம்பத் தர ஆய்வு, புது வண்டியின் முதல் 90 நாட்களை மட்டும் பார்க்கிறது. அதில் தொடுதிரைக் கோளாறும் ஒரு புகார், கியர்பாக்ஸ் கோளாறும் ஒரு புகார். பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இதனால் என்ன பயன்?

பலரும் குனிந்தே பார்க்காத இடம் வண்டியின் பின்பாதி. எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். பின் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) மறந்துவிடுவார்கள். ஹோண்டா சிஆர்-வியில் அதற்கென்று தனி ஆயில் உண்டு. அது பழசானால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னால் முனகும், உதறும். பெரும்பாலும் ஆயில் மாற்றினாலே சரியாகிவிடும். அந்த முனகலுக்குப் பயந்து நல்ல வண்டியை விடுபவர்களும் உண்டு, கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டிக் கெடுப்பவர்களும் உண்டு.

அப்புறம் டயர். நான்கு டயரின் சுற்றளவுக்கும் இடையே கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது சுபாரு. கணக்குப் போட்டால், டயர் பட்டனின் ஆழத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் எல்லை! பாதி தேய்ந்த மூன்று டயரோடு ஒரு புது டயரைப் போட்டால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு வந்துவிடும். சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்ற, அந்த வேறுபாட்டை நேர்ச்சாலையிலும் ஓயாமல் சமாளிப்பது முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் கிளட்ச். பார்க்கப் போன வண்டியில் மூன்று டயர் ஒரு கம்பெனி, ஒன்று மட்டும் வேறு என்றால், எப்போதிலிருந்து இப்படி ஓடுகிறது என்று கேட்காமல் வராதீர்கள்.

எல்லா ஆல் வீல் டிரைவும் ஒரே மாதிரி என்ற நினைப்பும் தவறு. டொயோட்டா ராவ்4 ஹைப்ரிடில் எஞ்சின் விசையை முன்னிருந்து பின்னே கொண்டுபோகும் தண்டே கிடையாது. பின் சக்கரங்களைத் தனி மோட்டார் சுழற்றுகிறது. 2019-இல் வந்த தலைமுறையில் அந்த மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு, பனிக்காலச் சாலை உப்பால் அரித்துப்போனது. கனடாவில் பெரிய தலைவலி. உப்பே தூவாத அரிசோனாவில் ஓட்டியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. ஆகவே யாராவது "என் வண்டி பத்து வருஷமாகத் தங்கம்" என்றால், எந்த ஊரில் என்று ஒரு கேள்வி.

குறைந்த மைல் ஓடிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதையும் நான் ஏற்க மாட்டேன். 2017, 2018 சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில், குளிர் ஊரில் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓட்டியவர்களுக்குத்தான் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலக்கும் தொல்லை அதிகம். எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் கடை வந்துவிடும். மளிகைக் கடைக்கு மட்டும் போய் வந்த 40,000 மைல் வண்டியும், நெடுஞ்சாலையில் ஓடி எல்லா சர்வீஸ் பில்லையும் கோப்பில் வைத்திருக்கும் 90,000 மைல் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நான் இரண்டாவதன் டிப்ஸ்டிக்கைத்தான் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) முதலில் உருவிப் பார்ப்பேன்.