கேபிள் மாறிப்போன ஜம்ப் ஸ்டார்ட்: ஈசியூ மேல் பழி போடும் முன்

இருட்டு, திறந்த பானெட், செல்போன் வெளிச்சம். படுத்துவிட்ட பேட்டரிக்கு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யப் பார்க்கிறோம், அதாவது ஜம்ப் ஸ்டார்ட். பேட்டரி மேல் படிந்த அழுக்கில் பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் கடைசி கிளிப்பை வைத்ததும் ‘டப்’பென்று ஒரு சத்தம், கண்ணைக் கூச வைக்கும் பொறி, பிளாஸ்டிக் கருகும் வாடை. பதறிப்போய்ப் பிடுங்கி, சரியாக மாட்டி, சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

சுற்றி நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் “ஈசியூ போயிருக்கும்” என்பார். எஞ்சினை ஆட்டிவைக்கும் கணினிப் பெட்டிதான் ஈசியூ. அதைக் கேட்டதும் வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் நான் பார்த்த வண்டிகளில் ஈசியூ உண்மையிலேயே செத்துப்போனது குறைவு. முதலில் அடி வாங்குவது அதற்கு முன்னால் காவலுக்கு நிற்பவை: ஃபியூஸ்களும், ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்ப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்து கிளைப்பவை.

அந்த ஒரு நொடியில் நடப்பது

சரியாக மாட்டினால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். மாற்றி மாட்டினால் இரண்டும் தொடராகச் சேர்ந்து, கிட்டத்தட்ட 24 வோல்ட்டோடு தங்களுக்குள்ளேயே ஷார்ட் ஆகின்றன. இடையில் தடுக்க இருப்பது கேபிளும் பேட்டரிகளின் உள்தடையும்தான். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

படுத்துவிட்ட பேட்டரியில் கொஞ்சமாவது சார்ஜ் மிச்சமிருந்தால், அது தன் பிளஸ் மைனஸை விட்டுக்கொடுக்காமல் தாக்குப்பிடிக்கலாம். அடியோடு வடிந்த பேட்டரியால் அது முடியாது. அப்போது வண்டிக்குள் மின்சாரம் தலைகீழாக நுழைகிறது. ஆல்டர்னேட்டருக்குள் வழக்கமாக 6 டயோடுகளாவது இருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகலாம், திரும்பி வரக் கூடாது என்று பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. பிளஸ் மைனஸ் மாறினால் அந்தக் கதவு அகலத் திறந்துவிடும். அந்த வழியாகப் பாயும் மின்சாரம் டயோடை எரிக்கும், இல்லாவிட்டால் மெயின் ஃபியூஸை எரிக்கும், சில சமயம் இரண்டையும். ஈசியூவின் வாசலிலும் பெரும்பாலும் இப்படி ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு. அது தன் ஃபியூஸைப் பலி கொடுத்து ஈசியூவைக் காப்பாற்றப் பார்க்கும்.

அதனால் வண்டி ‘மொத்தமாகச் செத்தது’ போலக் கிடப்பது பல நேரம் நல்ல சகுனம். ஏதோ ஒரு பெரிய ஃபியூஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது.

திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவது

முதலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சாவியை வெளியே எடுங்கள், பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். அதற்கும் முன்னால் பேட்டரியைக் கண்ணால் பாருங்கள்: உப்பியிருக்கிறதா, மேல்மூடி விரிசல் விட்டிருக்கிறதா, ஓரத்தில் ஈரம் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த பேட்டரியோடு மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். பெரிய கரண்ட் பாய்ந்த லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், அதற்கு ஒரு சின்னப் பொறி போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்வது அச்சமல்ல, ஆசிட் முகத்துக்கு நேராகத்தான் தெறிக்கும்.

நோஞ்சான் பேட்டரியை வைத்துக்கொண்டு பழுது தேடுவது

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். பேட்டரியில் 11 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்போது வண்டி பேய் பிடித்தது போல ஆடும். ரிலேக்கள் படபடவென்று அடிக்கும், மீட்டர் முள் துள்ளும், சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும். இதைப் பார்த்துவிட்டு ‘வயரிங் உருகிவிட்டது’ என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளிலேயே அளந்து பாருங்கள். சற்று நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. வெளியே எடுத்து சார்ஜ் போட வேண்டும், இல்லையென்றால் நல்லதென்று தெரிந்த வேறு பேட்டரியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அளக்கும்போது மீட்டரில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கோடு வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒருமுறை நண்பர் ஒருவரின் வண்டியில் நான் அளந்தபோது ‘-4.8’ என்று காட்டியது. மீட்டர் வயரை மாற்றிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து, சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிக்கொண்டு நிம்மதியாக 4.8 என்று எழுதிக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. பேட்டரியின் மேல்மூடியில் அச்சாகியிருந்த கூட்டல் குறிப் பக்கம் உண்மையிலேயே மைனஸாக மாறியிருந்தது. அடியோடு வடிந்த பேட்டரிக்குத் தலைகீழாக மின்சாரம் கொடுத்தால் அது தலைகீழாகவே சார்ஜ் ஆகும். அப்படிப்பட்ட பேட்டரியை, மூடியில் இருக்கும் குறியை நம்பி மறுபடி வண்டியில் மாட்டினால், நடந்த விபத்தை நாமே இரண்டாவது முறை நடத்துகிறோம். வயர் நிறத்தை நம்பாமல், பேட்டரி உடம்பில் அச்சான குறியைப் பார்த்து மீட்டரை வையுங்கள். கழித்தல் கோடு வந்தால் அந்த பேட்டரிக்கு விடை கொடுத்துவிடலாம்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து ‘ஓகே’ சொல்வது

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, இரண்டு மூன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு “ஃபியூஸ் எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்வதில் இரண்டு ஓட்டை. ஒன்று, கேபிள் மாறும்போது முதலில் போகிற ஃபியூஸ் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியிலோ, பேட்டரியின் பிளஸ் டெர்மினல் மேலேயே உட்கார்ந்தோ, 80, 100, 120 ஆம்பியர் என்று எண் போட்ட ஒன்று இருக்கும். பல வண்டிகளில் அது போல்ட் போட்டு முடுக்கியது. விரலால் பிடுங்க வராது, அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. மின்சார ஸ்டீயரிங்குக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் அதேபோலத் தனிப் பெரிய ஃபியூஸ்கள் உண்டு.

இரண்டாவது, மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸைப் பிடுங்கவே வேண்டாம். நல்ல பேட்டரியை மறுபடி இணைத்துவிட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் (வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில்) மாட்டி, ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் விளக்கு எரிந்தால் நல்லது. ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலுமே எரியவில்லையா? அந்த ஃபியூஸ் மேல் குற்றம் இல்லாமல் இருக்கலாம், மின்சாரம் அதுவரை வந்தே சேரவில்லை. இன்னும் மேலே, பேட்டரிப் பக்கம் தேடுங்கள். சில ஃபியூஸ்களுக்குச் சாவி போட்டால்தான் மின்சாரம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய வண்டிகளில் மெயின் ஃபியூஸுக்குப் பதில் ஒரு துண்டு வயரே ஃபியூஸாக இருக்கும். மேலே உறை அப்படியே இருக்கும், உள்ளே செம்பு உருகிப் போயிருக்கும். மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே ஒன்றுமில்லை.

பெரிய ஃபியூஸ் போடுவது, கம்பி சுற்றுவது

இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எழுதியிருக்கும் ஆம்பியர் என்னவோ அதைத்தான் போட வேண்டும். அதற்கு மேல் போட்டால் அடுத்து ஃபியூஸாக வேலை செய்யப்போவது உங்கள் வயரிங்.

புது மெயின் ஃபியூஸையும் எரித்துவிடக் கூடாது என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. அந்த ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வயர் போட்டு இணையுங்கள். சாவி ஆஃப், கதவுகள் மூடியிருக்கட்டும். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் பின்னால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மங்கலாக மினுக்கினாலோ எரியாமலே இருந்தாலோ புது ஃபியூஸைப் போட்டுப் பார்க்கலாம். முழுதாக எரிந்தால், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த பிளஸ் வயரை எடுத்து, முனையில் டேப் சுற்றி ஒதுக்கி வைத்து, மறுபடி இணைத்துப் பாருங்கள். பல்ப் அணைந்துவிட்டால் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அணையாவிட்டால் தேடல் தொடர்கிறது.

ஸ்கேனர் பேசவில்லை என்றதும் ஈசியூவைக் கழற்றுவது

கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினால் உயிரே வரவில்லை, ஆகவே ஈசியூ அவுட் என்பது அவசரத் தீர்ப்பு. ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு பேட்டரி மின்சாரம் நேராக வர வேண்டும். 4, 5-ஆம் பின்கள் எர்த். 16-இல் மின்சாரம் இல்லையென்றால் அது ஃபியூஸ் பிரச்சினை. நிறைய வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான்.

அடுத்தது, சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து செக் எஞ்சின் விளக்கைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஈசியூவுக்கு மின்சாரமோ எர்த்தோ போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதன் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் வயர் மூன்றையும் பார்த்து முடித்து, எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் சென்சார்களுக்கு ஈசியூ கொடுக்க வேண்டிய 5 வோல்ட் எந்த சென்சாரிலும் வரவில்லை என்றால் அதன் மேல் கை வைக்கலாம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: சென்சார் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் அதுவே அந்த 5 வோல்ட்டை இழுத்துப் படுக்க வைக்கும். ஒவ்வொரு சென்சாராகப் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகு பேசுங்கள். வேறு வண்டியிலிருந்து பழைய ஈசியூவை வாங்கிப் பொருத்தினால் பல வண்டிகளில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சாவியை ஏற்காது. ஒரு பிரச்சினை இரண்டாகும்.

ஸ்கேனர் பேசினால் வேறொரு பீதி. யூ (U) எழுத்தில் தொடங்கும் தொடர்புக் கோளாறு எண்கள், பி0562 (P0562) என்ற குறைமின்னழுத்த எண் என்று வரிசையாக வந்து விழும். வோல்டேஜ் சரிந்தபோது ஒவ்வொரு மாட்யூலும் (வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்னக் கணினியும்) ‘அடுத்தவன் பேசவில்லை’ என்று புகார் எழுதி வைத்ததுதான் அதில் பாதி. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள். நல்ல பேட்டரியோடு ஓட்டிப் பாருங்கள். திரும்ப வருவது மட்டும்தான் நிஜமான புகார்.

ஜன்னல் கண்ணாடி ஒரே தட்டில் மேலே ஏறவில்லை, கடிகாரம் 12:00 காட்டுகிறது, ரேடியோ ரகசிய எண் கேட்கிறது என்பவை பழுதுகளே அல்ல. பேட்டரி கழற்றிய பல வண்டிகளிலும் வரும். ஏர்பேக் விளக்கு எரிந்தாலும்கூட, அதன் மஞ்சள் நிற கனெக்டர்களில் மீட்டர் முனையை நுழைக்கவே கூடாது.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று கிளம்பிவிடுவது

எஞ்சின் ஓடுகிறது, சரி. ஆல்டர்னேட்டர் பிழைத்ததா? எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரும். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், 12.8 வந்ததும் தீர்ப்பு எழுதாமல் ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

இந்த அளவு சரியாக வந்தாலும் ஒரு டயோடு போயிருக்க இடமுண்டு. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு மேல் சந்தேகம் வலுக்கிறது. இன்னொரு அடையாளம் கைக்கே தெரியும்: எஞ்சின் பல மணி நேரம் ஓடாமல் ஆறியிருக்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பேட்டரி இரவெல்லாம் அதற்குள் வடிந்துகொண்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் மறுநாள் ‘பேட்டரிதான் மோசம்’ என்று புதியது வாங்கி, அதையும் வடியவிட்டவர்களை எனக்குத் தெரியும். சும்மா நிற்கும் வண்டி, மாட்யூல்கள் எல்லாம் தூங்கிய பிறகு, பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. தூங்குவதற்குச் சில வண்டிகள் அரைமணிக்கு மேல் எடுக்கும். அதற்குள் அளந்தால் தப்பான எண்தான் கிடைக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘ஆல்டர்னேட்டர் தாங்குகிறதா’ என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சாகவில்லை. பேட்டரி என்ற மெத்தை இல்லாதபோது வோல்டேஜ் கணநேரத்தில் பல மடங்கு எகிறும். கேபிள் மாறியதில் தப்பிய ஈசியூவை இந்தச் சோதனை கொன்றுவிடலாம்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் எர்த் பட்டையையும் பாருங்கள், அவ்வளவு கரண்ட்டில் அதுவும் சுட்டிருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

மெக்கானிக்கிடம் போவதென்றால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். “திடீர்னு நின்னுடுச்சு” என்றால் அவர் பெட்ரோல் பம்பிலிருந்து தொடங்குவார். “கேபிளை மாத்திக் குடுத்துட்டோம், ரெண்டு செகண்ட் இருக்கும், அந்த வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு” என்றால் நேராக மெயின் ஃபியூஸைத் திறப்பார். கொடுத்தது 24 வோல்ட் லாரி என்றால் அதையும் சொல்லுங்கள். அதில் பிளஸ் மைனஸ் சரியாக இருந்தாலும் வோல்டேஜ் இரட்டிப்பு, சேதம் வேறு இடங்களில் இருக்கும்.

அப்புறம், உதவிக்கு வந்தவருடைய வண்டி. எல்லோரும் மறப்பது அதைத்தான். அதே வளையத்தில், அதே கரண்ட், அவருடைய பேட்டரியிலும் பாய்ந்திருக்கிறது. அவர் வண்டி ஓடுகிறது என்பதால் கையசைத்துவிட்டுப் போயிருப்பார். மறுநாள் ஒரு போன் போட்டு, பேட்டரி விளக்கு ஏதும் எரிகிறதா, காலையில் செல்ஃப் எப்படி எடுத்தது என்று கேளுங்கள். அவரிடம் மீட்டர் இல்லாவிட்டால் உங்களுடையதை எடுத்துக்கொண்டு போய் அந்த ஏசி வோல்ட்டை அளந்து கொடுங்கள்.