சிவிலைசேஷன் 6: கொரியாவோடு உங்கள் முதல் அறிவியல் வெற்றி

2016-ல் வெளியான சிவிலைசேஷன் 6, ஒரு நாட்டைப் பழங்காலத்திலிருந்து விண்வெளிக் காலம் வரை சுற்றுச் சுற்றாக வளர்க்கும் கணினி ஆட்டம். அதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பாதிப்பேர் ஒரே மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். கி.மு. 4000-ல் ஆட்டம் தொடங்கும். கண்ணில் பட்டதையெல்லாம் கட்டுவார்கள். இடைக்காலம் வரும்போது நாட்டில் மூன்றே மூன்று ஊர்கள் இருக்கும், பக்கத்து நாட்டிலோ பத்து. எந்த வழியில் வெல்லப்போகிறோம் என்பதை முதல் சுற்றிலேயே முடிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இங்கே நாம் எடுத்துக்கொள்வது அறிவியல் வெற்றி, அதாவது விண்வெளித் திட்டங்களை முடித்து வெல்வது. பெயரில்தான் அறிவியல், கடைசியில் அது தொழிற்சாலைகளின் வெற்றி. இதை இப்போதே மனதில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆட்டத்தை அமைப்பது

தலைவராகக் கொரியாவின் சொன்டொக் அரசியைத் தேர்ந்தெடுங்கள். 632 முதல் 647 வரை சில்லா நாட்டை ஆண்டவர் இவர். இவர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் வானாய்வுக் கோபுரம் கியோங்ஜு நகரில் இன்றும் நிற்கிறது. ஆட்டத்தில் இவர் 2018-ன் 'ரைஸ் அண்ட் ஃபால்' விரிவாக்கத்தில் வந்தார். இங்கே சொல்லும் விதிகளுக்கு 2019-ன் 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கமும் வேண்டும். ஆந்தாலஜி தொகுப்பில் இரண்டும் அடக்கம்.

கடினநிலை 'வார்லார்டு' போதும். அதற்கு அடுத்த 'பிரின்ஸ்' நிலையில்தான் கணினியும் நீங்களும் சமமாக நிற்பீர்கள். வேகம் 'ஸ்டாண்டர்டு', அதாவது 500 சுற்றுகள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த வேகத்துக்கானவை.

படி 2: முதல் ஊர்

புது ஊர் அமைக்கும் செட்லரைத் தொட்டதும் நிலம் நிறம் மாறும். கரும்பச்சைக் கட்டத்தில் நன்னீர் இருக்கிறது, வெளிர்பச்சை கடலோரம், சாம்பல் நிறத்தில் தண்ணீரே இல்லை. நன்னீர் உள்ள ஊருக்குக் குடியிருப்பு (ஊர் தாங்கும் மக்கள்தொகையின் அளவு) 5, கடலோரத்துக்கு 3, தண்ணீர் இல்லாத இடத்துக்கு 2. கரும்பச்சையில், குன்றுகள் சூழ்ந்த இடம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கேயே அமருங்கள். நல்ல இடம் தேடிப் பல சுற்று அலைவது வீண்.

ஊரில் முதலில் உருவாக்க வேண்டியது ஒரு ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), அடுத்து ஒரு ஸ்லிங்கர் (கவண் வீரர்), பிறகு செட்லர். செட்லர் கிளம்பும்போது ஊரின் மக்கள்தொகையில் ஒன்று குறையும், எனவே மக்கள்தொகை 2 ஆகும் வரை அவரை உருவாக்க முடியாது. ஆராய்ச்சியில் மைனிங், பாட்டரி, ரைட்டிங் என்ற வரிசை. இன்னொரு நாட்டைச் சந்தித்தாலே ரைட்டிங்குக்கான 'யுரேகா' கிடைத்து, அந்த ஆராய்ச்சியில் 40 சதவீதம் தானாகக் கழிந்துவிடும். ஸ்கவுட்டை முதலில் அனுப்பச் சொன்னது இதற்காகத்தான்.

படி 3: காட்டுமிராண்டிகள்

காட்டுமிராண்டிகளின் ஸ்கவுட் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டால் அதன் தலைமேல் ஆச்சரியக்குறி தோன்றும். அது முகாமுக்குத் திரும்பிச் செய்தி சொல்லிவிட்டால் கும்பல் கிளம்பிவிடும். ஆகவே அந்த ஒற்றனைத் திரும்ப விடாமல் அடிக்க வேண்டும். வாரியரை அவன் போகும் வழியில் நிறுத்தி, ஸ்லிங்கரால் கல்லெறியுங்கள். ஸ்லிங்கர் கையால் ஓர் உயிர் போனால் ஆர்ச்சரிக்கும் யுரேகா கிடைக்கும். முகாமை ஒழிக்க, காவலாளியைக் கொன்றபின் அந்தக் கட்டத்துக்குள் உங்கள் படை நுழைந்தால் போதும்.

படி 4: ஊர்களைப் பெருக்குவது

நூறாவது சுற்றுக்குள் எட்டு ஊர்களாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டு ஊர்களுக்கு நடுவே குறைந்தது மூன்று கட்டங்கள் இடைவெளி வேண்டும் என்பது விதி. நீங்களும் அதற்குமேல் தாராளமாக விட வேண்டாம், நெருக்கமாகவே வையுங்கள். 'எர்லி எம்பயர்' என்ற குடிமை வளர்ச்சி கிடைத்ததும் 'காலனைசேஷன்' கொள்கை அட்டையைப் போட்டால் செட்லர் உற்பத்தி 50 சதவீதம் வேகம் பெறும்.

இந்தக் கட்டத்தில்தான் உலக அதிசயங்கள் ஆசை காட்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோவிலும் அந்தப் பட்டியலில் உண்டு, பார்த்ததும் கை துறுதுறுக்கும். கட்டினால் இரண்டு குருக்கள் கிடைப்பார்கள். மதத்தால் வெல்ல நினைப்பவருக்கு அது வரம், நமக்கு அந்த உழைப்பில் செட்லர்கள் கிளம்பியிருப்பார்கள். கோவிலை நேரில் போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம்.

படி 5: சொவொன்

கொரியாவின் முழு பலமும் இங்கேதான். மற்ற நாடுகள் கேம்பஸ் (அறிவியல் வளாகம்) கட்டும் இடத்தில் கொரியா சொவொன் கட்டும். செலவு பாதிதான். குன்றின் மேல் மட்டுமே கட்ட முடியும். கட்டியவுடன் +4 அறிவியல் தரும், ஆனால் ஒட்டி நிற்கும் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் (தனிக் கட்டத்தில் எழும் வளாகம்) ஒன்று குறையும். பலர் கவனிக்காமல் விடுவது, ஊரின் நடுமையமும் ஒரு டிஸ்ட்ரிக்ட் என்பதை. மையத்தை ஒட்டியிருக்கும் குன்றில் சொவொனை வைத்த மறுகணமே அது +3 ஆகிவிடும். பக்கத்தில் சந்தையும் வந்தால் +2.

எனவே ஊர் மையத்திலிருந்து இரண்டாவது வளையத்தில் இருக்கும் குன்றைப் பிடியுங்கள். சுற்றியுள்ள ஆறு கட்டங்களில் குன்றுகளில் சுரங்கமும் சமவெளியில் வயலும் வெட்டுங்கள். சொவொனை ஒட்டிய சுரங்கம் ஒவ்வொன்றும் ஓர் அறிவியல் கூடுதலாகத் தரும், வயலுக்கு ஓர் உணவு கூடும். மூன்று சுரங்கம் தோண்டினால் அப்ரென்டிஸ்ஷிப்புக்கு யுரேகா, அது பின்னால் தொழிற்பேட்டையைத் திறந்துவிடும். மற்ற டிஸ்ட்ரிக்டுகளை ஊரின் எதிர்ப்புறத்தில் குவித்துவிடுங்கள்.

புதிய ஊரில் முதல் டிஸ்ட்ரிக்ட் சொவொனாகவே இருக்கட்டும். அதில் முதலில் நூலகம், பிறகு பல்கலைக்கழகம். 'என்லைட்டன்மெண்ட்' என்ற குடிமை வளர்ச்சி வரும்போது 'ரேஷனலிசம்' அட்டையைப் போடுங்கள். சொவொனின் அண்டைப் பயன், அதாவது அந்த +4, குறையாமல் இருந்தால் இந்தக் கட்டடங்களின் அறிவியல் 50 சதவீதம் கூடும். சொவொனை யாரும் ஒட்டாமல் தனியாக வைத்ததன் பலன் அப்போது கைக்கு வரும். ஆளுநர்களில் பிங்களாவைத் தலைநகரில் அமர்த்துங்கள்.

படி 6: அண்டை வீட்டார்

சந்தித்த சுற்றிலேயே 25 பொன் கொடுத்துத் தூதுக்குழு அனுப்புங்கள். முகம் மலர்ந்ததும் நட்புறவுப் பிரகடனம் கேளுங்கள். ஏற்றுக்கொண்டவர் 30 சுற்றுகளுக்கு உங்கள்மேல் போர் தொடுக்க முடியாது. எல்லை ஊர்களில் இரண்டு ஆர்ச்சர்கள் போதும். அவ்வப்போது வெற்றி நிலவரத் திரையைத் திறந்து, வேறு யாராவது மதத்தாலோ கலாச்சாரத்தாலோ முந்துகிறார்களா என்று பாருங்கள்.

படி 7: தொழிற்பேட்டை

வரைபடத்தில் அறிவியலில் முதலிடம், ஆனால் ராக்கெட் ஏவும் விண்தளம் கட்ட எழுபது சுற்று கேட்கிறது! இப்படித் தவிப்பவர்கள் ஏராளம். விண்தளம் ஒன்றுக்கு 1800 உற்பத்தி வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 உற்பத்தி தரும் ஊர் அதை 72 சுற்றில் முடிக்கும், 100 தரும் ஊர் 18 சுற்றில்.

ஆகவே ஆட்டத்தின் நடுப்பகுதியிலேயே உங்கள் சிறந்த ஊரில் தொழிற்பேட்டையை (இண்டஸ்ட்ரியல் ஸோன்) தொடங்குங்கள். நீர்க்குழாயும் அணையும் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றும் +2 தரும். மூன்று பட்டறைகள் கட்டினால் இண்டஸ்ட்ரியலைசேஷனுக்கு யுரேகா. தொழிற்சாலையின் பயன் ஆறு கட்டத் தொலைவில் உள்ள பிற ஊர்களுக்கும் போகும், ஊர்களை நெருக்கமாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நிலக்கரி மின்நிலையங்களை இஷ்டத்துக்குப் பெருக்கினால் கடல் மட்டம் உயர்ந்து உங்கள் கடலோரக் கட்டங்களே மூழ்கும். விண்தளத்துக்குச் சமதளம்தான் வேண்டும், ஒரு கட்டத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

படி 8: விண்ணுக்கு

ராக்கெட்ரி ஆராய்ச்சி முடிந்ததும் விண்தளம். வரிசை இதுதான்: செயற்கைக்கோள், நிலவில் இறங்குதல், செவ்வாய்க் குடியிருப்பு, வேற்றுக்கோள் பயணம். நான்காவது ராக்கெட் கிளம்பியதும் ஆட்டம் முடியாது. அது 50 ஒளியாண்டு போக வேண்டும், சுற்றுக்கு ஒன்று. லேசர் நிலையத் திட்டம் ஒவ்வொன்றும் வேகத்தில் ஒன்று கூட்டும். நான்கு லேசர் முடித்தால் சுற்றுக்கு ஐந்து, 50 சுற்றுப் பயணம் பத்தாகச் சுருங்கிவிடும். அதனால் ராக்கெட் பறந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது, மூன்றாவது விண்தளத்தில் லேசர் வேலையை ஓட்டுங்கள். பிங்களாவையும் விண்தளம் உள்ள ஊருக்கு மாற்றுங்கள், அவருடைய கடைசிப் பதவி உயர்வு விண்வெளித் திட்டங்களுக்கு 30 சதவீதம் கூடுதல் உற்பத்தி தரும்.

எதிரி ஒற்றர்கள் விண்தளத்தைச் சேதப்படுத்துவார்கள். பழுதுபார்க்க ஆகும் சுற்றுகள் அத்தனையும் நஷ்டம். முதல் விண்தளம் எழும்போதே உங்கள் ஒற்றர் ஒருவரை அந்தக் கட்டத்தில் காவல் வேலைக்கு நிறுத்திவிடுங்கள்.