ஐரிஷ் முத்திரையைச் சேதமில்லாமல் உறையிலிருந்து எடுப்பது

முதலில் உறையை முழுதாகப் பாருங்கள். தபாற்கந்தோர் குத்திய திகதி அடையாளம் தெளிவாக இருந்தால், அல்லது அது முதல்நாள் உறையாக (முத்திரை வெளியான நாளிலேயே அடையாளம் குத்தப்பட்ட உறை) இருந்தால், கத்தரியை எடுக்கவே வேண்டாம். அப்படியே வைத்தால்தான் பெறுமதி. தபாலட்டைக்கும் இதே விதிதான்.

மற்றதை, முத்திரையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தாள் விட்டு வெட்டுங்கள். பல்விளிம்பில் ஒரு பல் போனாலும் முத்திரை போனதுதான். சிவப்பு, பச்சை உறைத் துண்டுகளைப் புறம்பாக ஊறவிடுங்கள், சாயம் இறங்கும். சாதாரணத் தண்ணீரில் 15 - 20 நிமிடம் போதும், சுடுதண்ணீர் கூடாது. முத்திரை தானாக வழுக்கி வரவேண்டும், இழுத்தால் மெலிந்துவிடும். அண்மைக்காலத்தில் வரும், உரித்து ஒட்டும் முத்திரைகள் பல தண்ணீருக்கு அசையாது. அவற்றைத் தாளோடே வையுங்கள்.

1922இல் வந்த இரண்டு பென்ஸ் முத்திரை கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். வட அயர்லாந்து எல்லைக்கோடு இல்லாத முழு அயர்லாந்துத் தீவு, கூடவே பழைய கெல்டிக் எழுத்தழகு. ஈரமாக இருக்கும்போதே கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்தால் நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்த அடையாளம்) தெரியக்கூடும்: பின்னிய 'எஸ், ஈ' என்றால் பழைய தாள், தனி 'ஈ' என்றால் 1940இலிருந்து வந்த தாள்.

ஒற்றுத்தாளில் முகம் கீழாக உலர்த்தி, ஒரு நாள் பாரமான புத்தகத்துக்கடியில் வையுங்கள். மட்டக்களப்பில் மாரி தொடங்கினால், கார்த்திகை முதல் தை வரை, இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. வாவிக்கரை ஈரத்தில் பாவிக்காத முத்திரையின் பசை அல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், தாளில் பூஞ்சணம் பிடிக்கும். அல்பத்தை நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.