வோக்ஸ்வாகன் டைப் 1 எஞ்சினுக்குக் கேம் கியர் தேர்ந்தெடுக்கும் முறை

பீட்டில் காரின் 1600 சிசி எஞ்சினை (இதுவே டைப் 1) சற்றே மேம்படுத்த விரும்புவோர் பெரும்பாலும் 69 மி.மீ. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை) அப்படியே வைத்துக்கொண்டு, 90.5 மி.மீ. பிஸ்டன் போட்டு 1776 சிசி ஆக்கி, எங்கிள் நிறுவனத்தின் 110 போன்ற 284 டிகிரி கேம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்; 284 டிகிரி என்பது வால்வு திறந்திருக்கும் அளவு, கிராங்க் சுழலும் கோணத்தில். எந்தக் கேம் என்பதை நீண்ட நாள் யோசித்து முடிவு செய்பவர்கள்கூட அதைக் கிராங்க்ஷாஃப்டோடு சேர்த்துச் சுழற்றும் கியரைக் கடையில் கொடுத்ததை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கியரை எப்படித் தேர்வு செய்வது என்பது மட்டுமே இந்தப் பதிவு. கிராங்க்கேஸைப் (இரண்டு ஷாஃப்டுகளையும் தாங்கும், இரு பாதிகளாலான எஞ்சின் கூட்டைப்) பிரிக்கவும் சுத்தம் செய்யவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வகையை முடிவு செய்யுங்கள். தொழிற்சாலை கியரின் பற்கள் சாய்ந்தவை. ஆகையால் ஓடும்போது அது கேம்ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலைக் கேம் பேரிங்கின் விளிம்பு தாங்குகிறது. நேர்ப் பல் கியரில் இந்தத் தள்ளல் இல்லை. ஆனால் சாலையில் ஓடும் காருக்கு அதன் ஊளைச் சத்தம் பொறுக்க முடியாதது. கடினமான இரட்டை வால்வு ஸ்பிரிங் போட்டு உயர் வேகத்தில் ஓட்டும் பந்தய எஞ்சினுக்கு அது பொருந்தும். மிதமான மாற்றத்துக்குச் சாய்பல் அலுமினியக் கியரே போதும் என்பது என் உறுதியான கருத்து. பேரிங் மட்டும் இருபக்க விளிம்பு உள்ளதாக இருக்கட்டும்.

அடுத்தது அளவு எண். உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் சங்கிலி இல்லாமல் நேரடியாகப் பல்லோடு பல் சேர்வதால், இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரம் கிராங்க்கேஸுக்குக் கிராங்க்கேஸ் நூலளவு மாறினாலும் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) மாறிவிடும். அதை ஈடுகட்டவே –1, 0, +1, +2 என்று கியர்கள் வருகின்றன. ஒவ்வோர் எண்ணும் பல்வட்டத்தின் ஆரத்தில் 0.01 மி.மீ. வேறுபாட்டைக் குறிக்கும். இந்த எண் கியரின் பின்புறத்தில், அதாவது கேம் லோப்கள் (வால்வுகளை இயக்கும் மேடுகள்) இருக்கும் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முன்புறத்தில் தெரியும் வட்டக் குறி டைமிங் வைப்பதற்கானது. அதை ‘0’ அளவு என்று படித்துவிடாதீர்கள்.

பழைய கியரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கிராங்க்கேஸை லேத் பட்டறையில் அலைன் போர் செய்திருந்தால் (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி குடைந்திருந்தால்) கிராங்க்கின் மையம் சற்றே நகர்ந்திருக்கலாம்; எனவே பழைய எண்ணைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள்.

இனிப் பொருத்திப் பார்க்க வேண்டும். இடது பாதி கிராங்க்கேஸில் புதிய கேம் பேரிங்குகளையும் மெயின் பேரிங்குகளையும் வைத்து, லேசாக எண்ணெய் பூசி, கனெக்டிங் ராடுகள் இல்லாத கிராங்க்ஷாஃப்டை இறக்குங்கள். கிராங்க் கியரின் இரு புள்ளிகளுக்கு நடுவே கேம் கியரின் குறி வரும்படி கேம்ஷாஃப்டை அமர்த்துங்கள். பிறகு கிராங்க்கை எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்புங்கள். கேம்ஷாஃப்ட் பேரிங்கை விட்டு மேலே எழும்பினால் கியர் பெரிது. ஓரெண் குறைந்ததைப் போடுங்கள். எழும்பாவிட்டால் டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவியின்) முனையைக் கேம் கியரின் பல் மீது நிறுத்தி, கிராங்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு கியரை இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். பேக்லாஷ் 0 முதல் 0.05 மி.மீ. வரை இருக்க வேண்டும். கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும் என்பதால், ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் அந்த இரு சுற்றிலும் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தால் எண்ணை மாற்றிப் பயனில்லை. கேமும் கியரும் சேரும் முகத்தில் பிசிறோ அழுக்கோ இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். ஃபீலர் கேஜால் இதை அளக்கலாம் என்பார்கள். சாய்ந்த பல்லுக்குள் தகட்டை நுழைத்துப் பெறும் அளவை நான் நம்புவதில்லை.

இவ்வளவு நெருக்கம் ஏன் என்று தோன்றலாம். வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் உயரும்போது 100 மி.மீ. நீள மக்னீசியம் ஏறக்குறைய 0.2 மி.மீ. நீளும், எஃகு அதில் பாதிதான் நீளும். மக்னீசியக் கிராங்க்கேஸ் சூடேறி மையங்களை விலக்கும்போது பேக்லாஷ் கூடுகிறது. அலுமினியக் கியர் ஏறக்குறைய கூடவே விரிவதால் அந்தக் கூடுதல் ஓரளவு குறைகிறது. எஃகுக் கியர் அவ்வாறு விரியாது.

கடைசியாகக் கேமின் நீளவாக்கு ஆட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 0.04 முதல் 0.13 மி.மீ. வரை சரி, 0.16 தாண்டினால் பேரிங்கை மாற்ற வேண்டும். ரிவெட்டுக்குப் பதில் போல்டால் கேமோடு பிணைக்கும் கியராக இருந்தால் போல்டில் லாக்டைட் (தளராமல் பிடிக்கும் பசை) இட்டு, கேம் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கோணத்தை மாற்றத்தக்க கியர்களும் கிடைக்கின்றன. டிகிரி வட்டு (கிராங்க்கின் கோணத்தைக் காட்டும் தட்டு) வைத்துக் கேமை அளக்கும் எண்ணம் இல்லையெனில் அந்தச் செலவு வேண்டாம்.

பின்சேர்க்கை: கியர் சரியாகச் சேர்ந்தும் எஞ்சின் சுழலவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். காரணம் ஆயில் பம்ப். பழைய கேம்களில் கியர் தட்டையாக மூன்று ரிவெட்டுகளுடனும், 1970-களில் வந்தவற்றில் குழிவாக நான்கு ரிவெட்டுகளுடனும் இருக்கும். இரண்டுக்கும் பம்ப் வேறு. பொருந்தாத பம்பின் உடல் போல்ட் தலைகளில் உரசும், அல்லது அதன் அச்சு நாக்கு கேமின் பள்ளத்தை எட்டாது. ஆகவே இரு பாதிகளையும் மூடுமுன் பம்பை அதன் இடத்தில் வைத்து, போல்ட் தலைகளில் சிறிது களிமண் ஒட்டி, கேமை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.