பாவித்த கையடக்கக் கமராவை வாங்குமுன் ஒரு நாளில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் ஒருவர் தாம் பாவித்த கமராவை விட்டுச் செல்வதும், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒருவரிடம் பாவித்த கமராவை விலை பேசி வாங்குவதும் எமது பக்கத்தில் சாதாரணமாக நடப்பவை. சட்டைப்பைக்குள் அடங்கினாலும் பெரிய சென்சரும் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் பகுதி), கைமுறைக் கட்டுப்பாடுகளும், றோ கோப்பை (கமரா மெருகூட்டாத மூலப் பதிவு) சேமிக்கும் வசதியும் கொண்ட மேம்பட்ட கையடக்கக் கமராக்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். விற்பவரிடம் கமராவை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். அவர் மறுத்தால், அரை நாளாவது கேளுங்கள். கமராவின் குறைகள் சூமின் கடைசி முனையிலும் வெளிச்சம் மங்கிய வேளையிலுமே வெளிப்படும் என்பதால், கடை வாசலில் நின்று எடுத்துப் பார்க்கும் நான்கு படங்களால் எதுவும் தெரியவராது.

முதலாம் படி: விபரங்களில் மூன்றை மட்டும் பாருங்கள்

மெகாபிக்சல் எண்ணை முதலில் ஒதுக்கிவிடலாம். கெனன் நிறுவனமே 2008 இல் வந்த ஜி10 கமராவில் 14.7 மெகாபிக்சல் வைத்து, அடுத்த ஆண்டு வந்த ஜி11 இல் அதை 10 ஆகக் குறைத்தது. சிறிய சென்சரில் புள்ளிகளை நெருக்கினால் மங்கிய வெளிச்சத்தில் படம் கெடும் என்பதே காரணம். ஆகவே சென்சரின் அளவு, சூமின் இரு முனைகளிலும் வில்லைத் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பது, றோ கோப்பு உண்டா என்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். ஓர் அங்குலச் சென்சர் எனப்படுவது உண்மையில் 13.2 மில்லிமீற்றர் நீளமும் 8.8 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. (பெயரில் இருக்கும் அங்குலத்தைத் தேடி அளவுகோல் எடுக்கவேண்டாம்.) அப்படியிருந்தும், மலிவான கையடக்கக் கமராக்களில் உள்ள சென்சரைப் போல அது ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புடையது.

துவாரத்தின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். துவாரத்தை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் சிறிதானால் துவாரம் பெரிது. 2012 இல் வந்த சொனி ஆர்எக்ஸ்100 இன் பெட்டியில் எஃப் 1.8 என்று கண்டு மகிழ்பவர்கள், அது 28 மில்லிமீற்றர் என்ற அகன்ற முனைக்கு மட்டுமே உரியது என்பதையும், 100 மில்லிமீற்றருக்கு இழுத்தவுடன் அது எஃப் 4.9 ஆகச் சுருங்கி ஏழில் ஒரு பங்கு வெளிச்சத்தையே உள்ளே விடும் என்பதையும் கவனிப்பதில்லை. 2016 இல் வந்த கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 அதே 100 மில்லிமீற்றரில் எஃப் 2.8 வரை திறக்கும். அதாவது சொனியைப் போல மூன்று மடங்கு வெளிச்சத்தை அது வாங்கும். கோயில் திருவிழாவில் இரவில் தூரத்து முகங்களைப் படம்பிடிக்க விரும்புபவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமானது.

இரண்டாம் படி: சீமெந்துக்கல் சுவர்

பூச்சுப் பூசாத சீமெந்துக்கல் சுவர் எமது ஊர்களில் எங்கும் உண்டு. வில்லையைச் சோதிக்க அதைவிட நல்ல பொருளை நான் காணவில்லை. கமராவை ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்து, உங்கள் சொந்த மெமரி கார்ட்டைப் போட்டு, றோவும் வழமையான ஜேபெக் படமும் சேர்ந்து பதியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கமராவை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, சுவருக்கு நேர் இணையாக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு விநாடித் தாமதத்தில் படமெடுங்கள். சூமின் அகன்ற முனை, நடு, கடைசி முனை ஆகிய மூன்று இடங்களிலும், துவாரத்தை முழுமையாகத் திறந்து ஒன்றும் எஃப் 5.6 இல் ஒன்றுமாக மொத்தம் ஆறு படங்கள் தேவை.

படங்களைப் பெரிதாக்கி, கற்களுக்கிடையேயான சாந்துக் கோடுகளை நான்கு மூலைகளிலும் ஒப்பிடுங்கள். நான்கு மூலைகளும் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக இருப்பது வில்லையின் இயல்பு, எஃப் 5.6 இல் அது பெரும்பாலும் சீராகிவிடும். ஆனால் மூன்று மூலைகள் தெளிவாக இருக்க ஒன்று மட்டும் குழைந்திருந்தால், கமரா சுவருக்குச் சரிவாக நின்றதா என்று மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். அதற்குப் பின்னும் அதே மூலை குழைந்தால், உள்ளே வில்லை இடம் விலகியிருக்கிறது. பெரும்பாலும் கீழே விழுந்த கமராவாக இருக்கும். அதை வாங்கவேண்டாம்.

மூன்றாம் படி: உச்சி வெயில்

இரணைமடுக் குளக்கட்டில் நண்பகலில் நின்று கமராவின் திரையைப் பாருங்கள். திரையில் உங்கள் முகமே தெரிந்தால், கண்ணில் வைத்துப் பார்க்கும் காட்சிகாண் கருவி உள்ள கமரா வேண்டுமா என்று யோசிக்கலாம். அங்கேயே பனை நிழலையும் வெயிலில் மின்னும் தண்ணீரையும் ஒரே படத்தில் எடுத்து, றோ கோப்பில் நிழல் எவ்வளவு மீள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பறந்தெழும் கொக்கை இக்கமராக்களில் பல தவறவிடும்; அதற்காக அவற்றைக் குறைகூற மாட்டேன். வீதியில் உங்களை நோக்கி வரும் சைக்கிளைத் தொடர்ந்து பத்துப் படங்கள் எடுத்து, ஆறு தெளிவாக இருந்தால் எனக்குப் போதும்.

நான்காம் படி: பொழுதுபட்ட பின்

விறாந்தையில் ஒரு மின்குமிழின் வெளிச்சத்தில் பன்னோலைப் பாயை விரித்து, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு எண்ணை 200 இலிருந்து 6400 வரை ஒவ்வொரு முறையும் இரட்டித்துப் படமெடுங்கள். ஓலையின் பின்னல் எந்த எண்ணில் குழைந்து மறைகிறதோ, அதற்கு முந்தியதே அந்தக் கமராவில் உங்கள் எல்லை. ஓர் அங்குலச் சென்சர்களில் நான் பொதுவாக 1600 ஐத் தாண்டுவதில்லை. சில மின்விளக்குகளின் கீழ் படத்தில் கரும்பட்டைகள் விழுந்தால் பதற வேண்டியதில்லை. எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் அவ்விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பட்டைகள் மறையும்.

இந்தச் சோதனையை உங்கள் கைத்தொலைபேசியிலும் செய்து பாருங்கள். அசையாத பொருளை அகன்ற கோணத்தில் எடுக்கும்போது நல்ல தொலைபேசி ஒன்று கமராவுக்குச் சமமாகவே நிற்கக்கூடும். வைகாசிப் பொங்கல் இரவில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலடியில் அசைந்துகொண்டே இருக்கும் மனிதர்களை எடுக்கும்போதுதான் பெரிய சென்சரின் அருமை தெரியும்.

ஐந்தாம் படி: புழுதி

வன்னியில் கமரா வாங்குபவர் இதை விடவே கூடாது. இக்கமராக்களின் வில்லை சூம் செய்யும்போது வெளியே நீண்டு உள்ளே சுருங்குவதால், காற்றோடு செம்மண் புழுதியும் உள்ளே இழுபட்டுச் சென்சரில் படியலாம். வில்லையைக் கழற்ற முடியாதாகையால் அதை நாமே துடைக்கவும் முடியாது. நான் வாங்கிய முதற்கமராவில் இதைப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மாத்தளன் கடற்கரையில் எடுத்த ஒவ்வொரு வானத்திலும் ஒரே இடத்தில் ஒரு சாம்பற் பொட்டு நின்றதைக் கண்டேன். திருத்துவதற்குக் கேட்கப்பட்ட தொகை கமராவின் அரைவாசி விலை.

ஆகவே துவாரத்தை எஃப் 11 வரை, அல்லது கமரா அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தைச் சூமின் இரு முனைகளிலும் எடுத்துப் பாருங்கள். பொட்டு எதுவும் இல்லாவிட்டால், வில்லையைப் பத்துமுறை நீட்டிச் சுருக்கி, மண் அரைபடும் ஓசை கேட்கிறதா என்று காதில் வைத்துக் கேளுங்கள்.

கடைசியாகப் பற்றரியை வெளியே எடுங்கள். அது இலகுவாக வழுகி வரவேண்டும். இறுகிப் பிடித்தால் வீங்கியிருக்கிறது என்று பொருள், புதிய பற்றரியின் விலையைக் கழித்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.